ஒரு துளியும் நாற்பது துளியும்

நாற்பது துளி இரத்தம் சேர்ந்தால்தான் ஒரு துளி விந்து என்று தோட்டத்து லயங்களில் பெரியவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். அதை நம்பிய இளைஞர்கள், தூக்கத்தில் விந்து வெளியானாலும் கைப்பழக்கம் இருந்தாலும் உடம்பு உருகிவிட்டதாக அஞ்சுகிறார்கள். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் லேகியத்துக்குச் சம்பளத்தைக் கொட்டியவர்களும் உண்டு. இந்த அச்சத்துக்கு 1960-இல் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டவர் இந்திய மனநல மருத்துவர் விக். அவர்களுடைய களைப்பு பொய்யல்ல. ஆனால் பெரும்பாலும் கவலை தருவது. ஆகவே மகன் வாடியிருந்தால் திட்டாதீர்கள்.

விந்து இரத்தத்தை வடித்து எடுப்பதல்ல. உயிரணுக்கள் விதைகளில் நாள்தோறும் உண்டாகின்றன. அதன் நீர்ப்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வருகிறது. ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனோ நேராக இரத்தத்தில் கலப்பது. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதன் அளவைக் கவனித்துக்கொள்கிறது. விந்து வெளியேறுவதால் அது வற்றிப்போவதில்லை. அதைக் குறைக்கக்கூடியவை நாள்பட்ட சம்சுக் குடி, மிதமிஞ்சிய பருமன், நீரிழிவு ஆகியவை. இதைச் சொன்னால் லேகியம் விற்காது!

பலரோடு உறவுகொள்பவர் அஞ்ச வேண்டியது மேக நோய்களுக்கு. அதற்கு ஆணுறை உண்டு. சிறுநீரில் எரிச்சலோ சீழோ கண்டால், அல்லது ஆசை குன்றினால், அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். அதனால் அதற்கு இரத்தம் எடுப்பதும் காலையில்தான்.