ஓடும்போதே கார் ஆஃப் ஆகுதா? பார்ட்ஸ் மாத்தறதுக்கு முன்னாடி இந்த 5 வேலையைச் செய்யுங்க



ஒரு சூழ்நிலையை நினைச்சுப் பாருங்க. கொட்டாரத்தில் வீடு, நாகர்கோவிலில் வேலை. செகண்ட் ஹேண்ட் கார், லோன் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. சுசீந்திரம் பக்கத்தில் என்ஜின் தானா நின்னுபோகுது. பத்து நிமிஷம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. அடுத்த நாலு நாள் பிரச்சினையே இல்லை. சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனா வண்டி அருமையா ஓடுது!

இந்த மாதிரி விட்டு விட்டு வர்ற கோளாறுதான் சம்பளக்காரங்க பர்ஸை அதிகமா காலி பண்ணும். மெக்கானிக் கண்ணுக்கு அது தெரியாது. அதனால ஊகம் பண்ணி ஒவ்வொரு பார்ட்டா மாத்துவாங்க. ஒரு உதாரணக் கணக்கு: பேட்டரி ₹5,500, இக்னிஷன் காயில் ₹3,000, ஃபியூவல் பம்ப் ₹8,000. மொத்தம் ₹16,500. கடைசியில் காரணம் லூஸா இருந்த ஒரு பேட்டரி டெர்மினலா கூட இருக்கலாம். அதை டைட் பண்ண ஒரு ஸ்பேனர் போதும்.

அதனால செலவில்லாத வேலையில் ஆரம்பிச்சு, செலவு உள்ளதுக்குப் போகணும்.

1. முதல்ல உயிர்

என்ஜின் நின்னா ஸ்டியரிங் கனமாகும், ஆனா திரும்பும். பிரேக்கில் ஒண்ணு ரெண்டு தடவை அழுத்தற அளவுக்குத்தான் உதவி மிச்சம் இருக்கும். அதனால பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காம, ஒரே சீரா அழுத்துங்க. ஹசார்ட் லைட் போட்டு இடதுபக்கம் ஒதுக்குங்க. வண்டி உருளும்போது சாவியை முழுசா ஆஃப் பண்ணி உருவிடாதீங்க, ஸ்டியரிங் லாக் ஆகிடும். நாலுவழிச்சாலையில் ஒரு தடவை இப்படி நின்னுச்சுன்னா, காரணம் தெரியற வரை குடும்பத்தை ஏத்திக்கிட்டு ஹைவே பக்கம் போகாதீங்க.

2. ஒரு நோட்டு போடுங்க

செலவு கணக்கு எழுதற மாதிரி, ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அஞ்சு விஷயம் குறிச்சு வைங்க: என்ஜின் சூடா இருந்ததா, என்ன வேகம், ஏசி ஓடுச்சா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், மழையா வெயிலா. பெட்ரோல் காருக்கு இந்த நோட்டு சொல்ற கதை பெரும்பாலும் இப்படி இருக்கும்:

• சிக்னல்ல நிற்கும்போது, ஏசி போட்டதும் நின்னா: திராட்டில் பாடியில் அழுக்கு, இல்லன்னா ஏர் லீக்.
• சூடானதும் நின்னு, ஆறினதும் ஸ்டார்ட் ஆனா: கிராங்க் சென்சார் அல்லது இக்னிஷன் காயில்.
• வேகத்தில், ஏற்றத்தில் இழுவை குறைஞ்சு நின்னா: ஃபியூவல் பம்ப் அல்லது ஃபில்டர்.
• மீட்டர் லைட் எல்லாம் சேர்ந்து அணைஞ்சா: பேட்டரி டெர்மினல், எர்த் வயர், இக்னிஷன் சுவிட்ச்.
• மழைக்குப் பிறகு மட்டும்னா: காயில், வயரிங் கனெக்டரில் ஈரம்.

நம்ம ஊர்ல கடல் காத்து இருக்கு. டெர்மினலிலும் எர்த் வயரிலும் பச்சையாவோ வெள்ளையாவோ பூத்திருக்கான்னு முதல்ல பாருங்க.

3. ரீகால் இருக்கான்னு பாருங்க

பலர் தவறவிடற இலவசம் இது. மாருதி சுசுகி 2020 ஜூலையில் 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களை ஃபியூவல் பம்ப் கோளாறுக்காகத் திரும்ப அழைச்சது. 2024 மார்ச்சில், 2019 ஜூலை 30 முதல் நவம்பர் 1 வரை தயாரான 11,851 பலேனோ, 4,190 வேகன்ஆர் கார்களுக்கு இன்னொரு ரீகால். ஃபியூவல் பம்ப் மோட்டார் பாகம் காரணமா, அரிதா என்ஜின் நின்னுபோகலாம்னு கம்பெனியே சொன்னது. ஹோண்டாவும் 2020 ஜூனில், 2018-ல் தயாரான 65,651 கார்களுக்கு ஃபியூவல் பம்ப் மாத்தித் தர்றதா அறிவிச்சது.

ரீகால்னா பார்ட்டும் லேபரும் இலவசம். நீங்க ரெண்டாவது ஓனரா இருந்தா, கம்பெனியோட தகவல் பழைய ஓனருக்குப் போயிருக்கலாம். ஆனா ரீகால் வண்டியோட சேஸிஸ் நம்பருக்குத்தான். ஆர்சியில் இருக்கற அந்த நம்பரை கம்பெனி வெப்சைட்டில் போட்டுப் பாருங்க, இல்லன்னா எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் கேளுங்க. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கறதுக்கு முன்னாடியும் இதைப் பாருங்க.

4. ஸ்கேன் பண்ணாம பார்ட் மாத்தாதீங்க

செக் என்ஜின் லைட் எரியலன்னாலும் கம்ப்யூட்டரில் கோடு பதிவாகியிருக்கலாம். பி0335 வந்தா கிராங்க் சென்சார் சர்க்யூட், பி0087 வந்தா ஃபியூவல் பிரஷர் குறைவு. ஆனா கோடு பிரச்சினை இருக்கற இடத்தைத்தான் காட்டும், தீர்ப்பு சொல்லாது. அதே கோடு வெறும் வயர் லூஸானாலும் வரும். அதனால மெக்கானிக்கிட்ட மரியாதையா ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, இந்த பார்ட்தான் காரணம்னு எந்த டெஸ்ட்ல தெரிஞ்சுது?" ஃபியூவல் பிரஷர் அளந்தேன், காயிலை இடம் மாத்திப் பார்த்தேன்னு பதில் வந்தா, காசு கொடுக்கலாம். "மாத்திப் பார்ப்போம்"னு மட்டும் சொன்னா, வேற இடத்தில் ஒரு கருத்து கேளுங்க. டெஸ்ட்டுக்குக் கொடுக்கற சில நூறு ரூபாய் வீண் செலவில்லை.

5. பில்லு வாங்குங்க

"பில் வேண்டாம்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம்"னு சொல்வாங்க. ஒத்துக்காதீங்க. அதே பார்ட் ரெண்டு மாசத்தில் போனா, வாரண்டி கேட்கவும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் பில்தான் உங்க ஆதாரம். பார்ட் பெயர், லேபர், ஜிஎஸ்டி தனித்தனியா இருக்கணும். கழட்டின பழைய பார்ட்டையும் கேட்டு வாங்குங்க. தகராறு வந்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இன்சூரன்ஸ் தருமா?

தராது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியிலும் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பிரேக்டவுனும் தேய்மானமும் விலக்கு. ரோட்சைடு அசிஸ்டன்ஸ் ஆட்-ஆன் இருந்தா, வண்டியை இழுத்துட்டுப் போற செலவு கிடைக்கும். உங்க பாலிசியில் அது இருக்கான்னு இன்னைக்கே பாருங்க.

ரிப்பேர் பில்லை கிரெடிட் கார்டில் போட்டு மினிமம் மட்டும் கட்டினா, மாசம் 3.5% வட்டின்னு வச்சாலே வருஷத்துக்கு 42%. அதுக்குப் பதிலா இஎம்ஐ போற அதே தேதியில் மாசம் ₹1,500 "கார் ரிப்பேர்"னு தனி ஆர்டி போடுங்க. ஒரு வருஷத்தில் ₹18,000 சேரும். அடுத்த தடவை கார் நின்னா, பதட்டப்படாம நோட்டை எடுத்து எழுத ஆரம்பிக்கலாம்.