நயினாதீவில் ஒரு பகல்

ஒரு நாட்டைப் பிடித்த அந்நியன் கோட்டை கட்டுவதோடு நிற்பதில்லை; ஊர்ப் பெயர்களையும் மாற்றிவிடுகிறான். ஆனால் மக்கள் நாவில் ஊறிய பெயர் அவ்வளவு எளிதில் அழியுமா? இதை அறிய விரும்பும் நேயர்கள் யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவுக்கு ஒரு நாள் யாத்திரை போய்வரலாம்.

யாழ்ப்பாணத்தில் காலையில் பஸ் ஏறினோம். கடலின் நடுவே செல்லும் சாலை வழியாக வேலணையையும் புங்குடுதீவையும் கடந்து குறிகட்டுவான் துறையை அடைந்தோம். அங்கிருந்து சிறிது நேரப் படகுப் பிரயாணம். நாகபூஷணி அம்மன் கோயிலின் கோபுரம் எதிரே எழுந்தது. சற்றுத் தொலைவில் பௌத்தர்களின் நாகதீப விகாரை. நாக அரசர் இருவர் ஒரு மணி ஆசனத்துக்காகப் போரிட்டபோது புத்தர் வந்து சமாதானம் செய்த தலம் இது என்பது அவர்கள் நம்பிக்கை. மணிமேகலை கூறும் மணிபல்லவம் இதுவே என்பர் அறிஞர் சிலர். சைவரும் பௌத்தரும் போற்றும் இத்தீவில் புராதன நாகர்களின் நினைவு இருவர் திருக்கோயில்களிலும் நிலைத்திருக்கிறது.

கோயிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. ஆனையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மற்றவை உடையவனுக்கு. சரக்கு மரக்கலமானால் பாதிக்குப் பாதி. பெயரிலேயே ஆனையைத் தாங்கிய ஆனைக்குட்டத்திலிருந்து சென்ற நமக்கு இச்செய்தி தனி இன்பம் அளித்தது. சிங்கள வேந்தர் தமிழில் ஆணை பொறித்ததையும் இரு சாராரும் நினைவில் கொள்வது நலம்.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இத்தீவுக்குத் தம் நகரமாகிய ஹார்லெமின் பெயரை இட்டனர். இன்று படகுக்காரரிடம் ‘ஹார்லெம்’ என்றால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்!

மாவோரி மக்களின் தேசத்துக்கும் ஒல்லாந்தர் தம் மாகாணமான ஸீலந்தின் பெயரையே சூட்டினர், அதுதான் நியூஸிலாந்து. அங்கே வெல்லிங்டன் துறைமுகத்தில் ‘மாடியூ’ என்றொரு சிறு தீவு. ஆங்கிலேயர் அதை ‘ஸோம்ஸ்’ ஆக்கினர். 1997இல் பழம் பெயரும் அரசாங்க வழக்கில் சேர்ந்தது. 2009இல் தீவே மாவோரியரிடம் மீண்டது. அதற்குச் சட்டமும் நெடிய வழக்கும் வேண்டியிருந்தன. நயினாதீவிலோ மக்கள் நாவே பெயரைக் காத்தது.

நம் ஊர்ப் பெயர்களின் பொருளை நாமும் நம் குழந்தைகளுக்குச் சொல்லி வைப்போமாக.