தேய்த்தால் போகும் கீறல், போகாத கீறல்

செல்போன் திரையில் தெரியும் கோடுகள் எல்லாமே கீறல்கள் அல்ல. சாவிக்கொத்தோடு ஒரே பையில் கிடந்த போனில் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடினால், பெரும்பாலும் அது சாவியின் உலோகம் கண்ணாடியில் உரசி ஒட்டிக்கொண்ட தடம். போனை அணைத்துவிட்டு, ஈரம் தொட்ட மென்துணியாலோ பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பராலோ மெதுவாகத் தேய்த்தால் போய்விடும். நகத்தைக் குறுக்காக இழுத்துப் பார்த்து, அது எங்காவது தட்டி நின்றால்தான் உண்மையான பள்ளம் இருக்கிறது என்று பொருள். வீட்டுச் சிகிச்சை எதையும் தொடங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும். தடத்துக்கும் பள்ளத்துக்கும் மருந்து வேறு. மாற்றிப் போட்டால் நன்றாக இருந்த இடமும் கெடும்.

சாவியால் கண்ணாடியைக் கீற முடியாததற்குக் காரணம் கடினத்தன்மை. கனிமங்களின் கடினத்தன்மையைக் குறிக்கும் மோஸ் அளவுகோலில் மாக்கல்லுக்கு 1, வைரத்துக்கு 10. நகம் சுமார் 2.5, செம்பு 3, கத்தியின் எஃகு சுமார் 5.5. இன்றைய செல்போன் கண்ணாடி 6-ஐ ஒட்டி நிற்கிறது. ஆகவே சாவியும் சில்லறையும் அதற்குப் பெரிய எதிரிகள் அல்ல. எதிரி மணல். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அதன் கடினத்தன்மை 7. கடற்கரைக்குப் போய் வந்த பேன்ட் பாக்கெட்டில் தங்கிய நாலு மணல் துகள் போதும், புதுத் திரையில் கோடு இழுக்க. தூசி படிந்த திரையை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது. முதலில் தூசியைத் தட்டிவிட்டு, பிறகு லேசான ஈரத்துணியால் துடைப்பதே முறை.

திரைக் கீறலுக்கு வீடுதோறும் சொல்லப்படும் வைத்தியம் பற்பசை. அடுத்தது ஆப்பச்சோடா. இரண்டும் கண்ணாடியில் பலிக்காது. பற்பசையில் பல்லைத் தேய்க்கும் துகளாக இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் அல்லது நீரேறிய சிலிக்கா. கால்சியம் கார்பனேட்டின் கடினத்தன்மை 3 அளவில்தான். ஆப்பச்சோடா அதைவிட மென்மையானது. கண்ணாடியைத் தொடக்கூட முடியாத இந்தத் துகள்கள், கண்ணாடியின் மேல் இருக்கும் ஒன்றை மட்டும் நன்றாகச் சுரண்டி எடுத்துவிடும். அதுதான் எண்ணெய் விலக்கும் பூச்சு. ஃபுளோரின் சேர்ந்த பாலிமரால் ஆன இது சில நானோமீட்டர் தடிமன்தான் இருக்கும். விரல் வழுக்கிக்கொண்டு போவதும், ரேகை ஒரே துடைப்பில் மறைவதும் இதனால்தான். ஐபோன்களில் இது 2009-இல் வந்த 3ஜிஎஸ் மாடலிலிருந்து இருக்கிறது. பூச்சு பிழைத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும்: முத்தாகத் திரண்டு நின்றால் இருக்கிறது, பரவி ஒட்டினால் போய்விட்டது. போனதை ஓரளவு மீட்கத் தனித் திரவங்கள் விற்கின்றன. திரையைச் சுத்தம் செய்து, பூசி, ஓர் இரவு விட்டுத் துடைத்தால் வழுக்கல் திரும்பும். ஆனால் கம்பெனிப் பூச்சு உழைத்த அளவுக்கு அது உழைக்காது.

கண்ணாடியை உண்மையாகவே தேய்க்கக்கூடிய பொருள் ஒன்று உண்டு: சீரியம் ஆக்சைடு. லென்ஸ் மெருகேற்றும் பட்டறைகளில் புழங்கும் தூள் இது. தண்ணீரில் குழைத்து, கம்பளிப் பட்டையால் பொறுமையாகத் தேய்த்தால் கீறல் கரையும். ஆனால் மெருகேற்றுவது என்பது நிரப்புவது அல்ல, குறைப்பது. புளி போட்டுத் துலக்கிய பித்தளை விளக்கு ஒவ்வொரு முறையும் மயிரிழை தேய்ந்தே பளபளப்பதைப் போல, கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள கண்ணாடி முழுவதும் கீழே இறங்கினால்தான் கீறல் மறையும். செல்போன் கண்ணாடிக்கு இது ஆபத்து. அதைத் தயாரிக்கையில் உருகிய பொட்டாசியம் உப்பில் முக்கி எடுக்கும்போது, மேற்பரப்பிலுள்ள சிறிய சோடியம் அயனிகள் வெளியேறி, பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடங்களில் நெருக்கியடித்து உட்காருகின்றன. அந்த நெருக்கம்தான் கண்ணாடியின் பலம். அது இருப்பது மேலே சில பத்து மைக்ரோமீட்டர் ஆழத்துக்கு மட்டுமே. தேய்த்தால் போவது அந்தப் பலம்தான். போதாததற்கு, தேய்த்த இடம் குழிந்து, எழுத்துகள் நெளிந்து தெரியும். ஸ்பீக்கர் ஓட்டைக்குள் சேறு இறங்கும். சாதாரணக் கண்ணாடி போட்ட கைக்கடிகாரத்துக்கு இந்தத் தூள் சரி. செல்போனுக்கு வேண்டாம்.

கீறலை எடுக்க முடியாவிட்டாலும் மறைக்க முடியும், அதுவும் மிகச் சுலபமாக. கீறல் கண்ணில் படுவது அதற்குள் காற்று இருப்பதால். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, காற்றுடையது 1. இந்த வித்தியாசத்தால்தான் பள்ளத்தின் ஓரங்களில் ஒளி சிதறி வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. கண்ணாடிக்கு நெருக்கமான விலகல் எண் கொண்ட பசை அந்தப் பள்ளத்தில் நிரம்பினால் ஒளி நேராகப் போகும். கோடு காணாமல் போகும். டெம்பர் கிளாஸ் ஒட்டியதும் சின்னச் சின்னக் கீறல்கள் மாயமாவதன் ரகசியம் இதுதான். திரவப் பசை ஊற்றி, புற ஊதா விளக்கில் காயவைக்கும் யூவி டெம்பர் இன்னும் நன்றாக நிரப்பும். அதை ஒட்டும்போது ஸ்பீக்கரையும் பட்டன்களையும் டேப்பால் மூடிவிட வேண்டும். வழிந்த பசை உள்ளே போய் இறுகினால் மீளாது. டெம்பர் அட்டையில் அச்சிட்டிருக்கும் 9ஹெச் என்பது மோஸ் அளவு 9 அல்ல என்பதையும் வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது பென்சில் கீறல் சோதனையின் அளவு. 9ஹெச் பென்சில் கீறவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது. மணல் அந்த டெம்பரையும் கீறும். ஆனால் கீறுபடுவது சில நூறு ரூபாய்க்குள் மாற்றக்கூடிய ஒன்று.

விரிசல் வேறு விஷயம். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையை விரிசலில் விடுவது பரவலாக நடக்கிறது. அந்தப் பசையின் ஆவி சுற்றுப்புறத்தில் படிந்து வெண்பூ பூத்ததுபோல் மங்கலாக்கிவிடும். விரிசலைவிட அதுதான் அசிங்கமாகத் தெரியும். சமையல் எண்ணெய் தடவினால் விரிசல் மறையும் என்பார்கள். எண்ணெயின் விலகல் எண் கண்ணாடிக்குக் கிட்டத்தில் இருப்பதால் சற்று நேரம் மறையத்தான் செய்கிறது. பிறகு எண்ணெய் உள்ளே ஊறிக் கறையாகும். விரிசல் விழுந்த போனுக்கு வீட்டில் செய்யக்கூடிய நல்ல காரியம், சில்லு கையைக் கிழிக்காமல் அகலமான தெளிவான டேப் ஒட்டுவதும், தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகாமல் இருப்பதும்தான். நீர் புகாது என்று வாங்கிய போனாக இருந்தாலும், விரிசல் விழுந்த நாளோடு அந்த உறுதி போய்விட்டது. படம் தெளிவாகவும் தொடுதல் ஒழுங்காகவும் இருந்தால், முழு டிஸ்ப்ளே கோம்போவுக்குப் பதிலாக மேல் கண்ணாடியை மட்டும் மாற்றித் தரும் கடைகள் சென்னை ரிச்சி தெருவில் உண்டு. அதற்குப் பிரிக்கும் இயந்திரமும் காற்றுக் குமிழ் நீக்கும் இயந்திரமும் வேண்டும் என்பதால் அது வீட்டு வேலை ஆகாது. பின்பக்கக் கண்ணாடி உடைந்தவர்களுக்கு ஸ்கின் எனப்படும் வினைல் ஒட்டி கைகொடுக்கும்.

உலோக உடம்புக்கு வருவோம். அலுமினியச் சட்டத்தின் நிறம் பெயின்ட் அல்ல. அலுமினியத்தை அமிலத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சி, அதன் மேற்பரப்பையே ஆக்சைடாக மாற்றி, அந்த ஆக்சைடின் நுண்துளைகளில் சாயம் ஏற்றுகிறார்கள். அனோடைசிங் எனப்படும் இந்த அடுக்கு கடினமானது, ஆனால் மெல்லியது. கூர்மையான விளிம்புகளில் அது சரியாகப் பற்றாது. அதனால்தான் உரிதல் எப்போதும் ஓரத்திலேயே தொடங்குகிறது. உரிந்தால் அடியிலுள்ள வெள்ளி நிறம் பளிச்சென்று தெரியும். நிறம் கருமையாக இருக்க இருக்கத் தழும்பும் உறுத்தும். 2012-இல் கறுப்பு ஐபோன் 5 வெளிவந்தபோது இந்தப் புகார் உலகம் முழுக்கக் கேட்டது. அடுத்த ஆண்டு வந்த 5எஸ் மாடலில் அந்தக் கறுப்பு இல்லை, சாம்பல் வந்தது.

இந்தத் தழும்பைத் தேய்த்துப் போக்க முயல்வது வீண்; தேய்க்கத் தேய்க்க வெள்ளி பெரிதாகும். நிறம் பூசுவதே வழி. கறுப்பு மார்க்கர் ஓரிரு வாரம் தாங்கும், பிறகு கை வியர்வையிலும் சானிடைசரிலும் கரைந்துவிடும். அதன்மேல் தெளிவான நெயில் பாலிஷ் அடித்துக் காப்பாற்றலாம் என்று நினைத்தால், பாலிஷின் கரைப்பான் மார்க்கர் மையை இழுத்துக் கலக்கிவிடும். நெயில் பாலிஷையே நிறமாகப் பூசுவது மேல். கார் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் டச்-அப் பெயின்ட் அதைவிட மேல். ஈரத்தில் ஒரு நிறமாகவும் காய்ந்தபின் வேறு நிறமாகவும் தெரியும் என்பதால், முதலில் ஒரு பழைய டப்பாவில் பூசிக் காயவைத்துப் பார்க்க வேண்டும். இடத்தை ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, பல்குத்தும் குச்சியின் நுனியில் துளி எடுத்து, தழும்பின் நடுவில் வைத்தால் அது தானாக ஓரம் வரை பரவும். தூரிகையால் இழுப்பதைவிட இது சுத்தமாக வரும். ஒரே தடிப்பாக வைக்காமல், காய்ந்த பிறகு இன்னொரு துளி. முழுதாகக் காய ஒரு நாள் விட்டுவிட வேண்டும்.

விழுந்து மூலையில் ஒடுக்கு விழுந்த போனை, பாத்திரத்தைத் தட்டி எடுப்பதுபோல் எடுக்க முடியாது. உள்ளிருந்து தட்ட வழியில்லை. வெளியிலிருந்து நிமிர்த்தினால் அந்த அழுத்தம் கண்ணாடிக்குப் போகும். கையைக் கீறும் பிசிறை மட்டும் 1000-க்கு மேற்பட்ட எண் கொண்ட உப்புத்தாளால் மழுப்பலாம். அப்போது சார்ஜ் துளையும் ஸ்பீக்கரும் டேப்பால் மூடியிருக்க வேண்டும். அலுமினியத் தூள் மின்சாரம் கடத்தும்.

துருப்பிடிக்காத எஃகு இதற்கு நேர்மாறு. நிறம் ஏற்றாத எஃகில் மேலும் கீழும் ஒரே உலோகம் என்பதால் மெருகு நன்றாகப் பிடிக்கும். 2001-இல் வந்த முதல் ஐபாடின் கண்ணாடி போன்ற முதுகு, தொட்டாலே கீறுவதற்குப் பேர்போனது. பிராஸ்ஸோ என்ற உலோக மெருகுத் திரவம் தொட்ட துணி அதற்கு நல்ல பதில். கைக்கடிகாரத்தின் பளபளப்பான எஃகுக்கும் அதுவே பொருந்தும். தங்க நிறம், கறுப்பு நிறம் என்று பூச்சு ஏற்றிய எஃகில் பிராஸ்ஸோ வைத்தால் அந்தப் பூச்சுதான் போகும்.

பற்பசைக்கு உண்மையான வேலை இருப்பது பிளாஸ்டிக்கில். அக்ரிலிக்கும் பாலிகார்பனேட்டும் கண்ணாடியைவிட எவ்வளவோ மென்மையானவை. பீரோவில் கிடக்கும் பழைய எச்.எம்.டி. ஜனதா கடிகாரத்தின் மேல்மூடி அக்ரிலிக். மங்கிப்போன அதை வெள்ளைப் பற்பசை வைத்துப் பஞ்சால் சில நிமிடம் வட்டமாகத் தேய்த்தால் முள்ளும் எண்ணும் தெளிந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். சிடி தட்டும் பாலிகார்பனேட்தான். அதை வட்டமாகத் தேய்க்கக் கூடாது, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் தேய்க்க வேண்டும். தகவல் சுருள் பாதையில் ஓடுவதால், அந்தப் பாதையை ஒட்டி விழும் புதுக் கீறல் படிப்பதை அதிகம் தடுக்கும். எழுத்து அச்சிட்ட பக்கத்தில் விழுந்த கீறலுக்கு வைத்தியம் கிடையாது. தகவல் அடுக்கு அந்தப் பக்கத்து மைக்கு நேர் கீழே இருக்கிறது.

பழைய கம்ப்யூட்டர், வீடியோ கேம் பெட்டிகள் பழுப்பேறுவதற்குக் காரணம் அழுக்கு அல்ல. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும், தீப்பிடிக்காமலிருக்க அதில் கலந்த புரோமின் சேர்மங்களும் வெயிலிலும் வெப்பத்திலும் மாறுவதால் வரும் நிறம் அது. சோப்பு போட்டுத் தேய்த்தால் போகாது. பழைய கணினிகளைப் பாதுகாக்கும் ஆர்வலர்கள் 2008-இல் இதற்கு வழி கண்டார்கள்: ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதாக் கதிரும். மருந்துக் கடை பெராக்சைடு பெரும்பாலும் 6 சதவீதம். அழகு நிலையங்களில் தலைமுடிக்குப் பயன்படும் 40 வால்யூம் கிரீமில் 12 சதவீதம் இருக்கும். கிரீம் வழியாது என்பதால் அதுவே வசதி. பெட்டியிலிருந்து சர்க்யூட் முழுவதையும் கழற்றிவிட்டு, வெறும் பிளாஸ்டிக்கில் சமமாகப் பூசி, காயாமல் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் போர்த்தி வெயிலில் வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்குச் சில மணி நேரம் போதும். அடிக்கடி திருப்பி, கிரீமைப் பரப்பிக்கொண்டே இருக்காவிட்டால் திட்டுத்திட்டாக வெளுக்கும். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். சில வருடங்களில் பழுப்பு திரும்பி வரலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டே இதில் இறங்க வேண்டும். செல்போனின் தெளிவான பவுச் மஞ்சளாவதும் இதேபோன்ற ரசாயன மாற்றம்தான். ஆனால் அந்த விலைக்கு இத்தனை பாடு தேவையில்லை, புதிது வாங்கிவிடலாம்.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய தொல்லை இன்னொன்று: அலமாரியில் வைத்திருந்த மவுஸ், பைனாகுலர், ரேடியோ எல்லாம் தேன் தடவியதுபோல் பிசுபிசுப்பது. தொட மிருதுவாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக்கின் மேல் பூசிய பாலியூரித்தேன், காற்றின் ஈரத்தில் சிதைந்து கூழாகிறது. பவுடர் போட்டால் ஒரு நாள் அடங்கும். பூச்சைக் காப்பாற்ற முடியாது, முழுவதும் நீக்கிவிட வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியைப் பிசுபிசுப்பின் மேல் சில நிமிடம் போர்த்தி வைத்து, பிறகு அழுத்தித் தேய்த்தால் கறுப்புக் கூழ் துணியோடு வரும். துணி மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டியிருக்கும். பொறுமையாக முடித்தால் அடியில் சுத்தமான பிளாஸ்டிக் கிடைக்கும். பொத்தானில் அச்சிட்ட எழுத்துகள் பூச்சோடு போய்விடலாம். தூக்கிப்போட இருந்த நல்ல பொருளைப் பல வருடம் உழைக்க வைக்கும் வேலை இது. வீட்டில் செய்யக்கூடியவற்றில் இதற்கு ஈடான பலன் தருவது வேறில்லை.

ஸ்டிக்கர் பிசினுக்குத் தேங்காய் எண்ணெய் போதும். பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்து, மிச்ச எண்ணெயைச் சோப்பு நீர் தொட்ட துணியால் எடுத்துவிடலாம். நெயில் பாலிஷ் ரிமூவரையும் தின்னரையும் பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அசிட்டோன் ஏபிஎஸ்ஸைக் கரைக்கும். பாலிகார்பனேட்டில் சிலந்தி வலை போல் நுண்விரிசல் விடும். செல்போன் கேமரா லென்ஸின் மேல் விழுந்த கீறலுக்கும் எந்த மெருகும் வேண்டாம். அந்தச் சிறிய கண்ணாடி தனியாகக் கிடைக்கும்; மாற்றிவிடுவதே சரி.

கடைசியாக, அழகுக் குறை போலத் தோன்றி வேறொன்றாக இருக்கும் ஒரு சேதம். பின்மூடி ஒரு பக்கம் லேசாகத் தூக்கி நிற்கிறது, திரையின் ஓரத்தில் ஒளி கசிகிறது, மேசையில் வைத்தால் போன் ஆடுகிறது என்றால், பசை விட்டுப்போனது என்று நினைத்து அழுத்தி ஒட்டக் கூடாது. ஹேர் டிரையரால் சூடுபடுத்தவும் கூடாது. உள்ளே லித்தியம் பேட்டரி வாயு சேர்ந்து உப்பியிருக்கலாம். அழுத்தினாலும் குத்துப்பட்டாலும் அது தீப்பிடிக்கும். சார்ஜ் போடுவதை அப்போதே நிறுத்தி, போனை அணைத்து, எளிதில் தீப்பற்றாத இடத்தில் வைத்து, பேட்டரி மாற்றும் கடையிடம் ஒப்படைக்க வேண்டும். கழற்றிய பேட்டரி குப்பைத் தொட்டிக்குப் போகாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் போய்ச் சேர வேண்டும்.