கடல் கடந்த வேலை – 9: முதலாளியை விட்டு விலக எத்தனை நாள்?

முதலாளி ஸ்பான்சர் செய்யும் ஆஸ்திரேலியாவின் 482 வேலை விசா வந்ததும் குடும்பமே கூடிப் பார்ப்பது எத்தனை வருடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதைத்தான். அதே கடிதத்தின் நிபந்தனைப் பகுதியில் 8607 என்று ஒரு எண் இருக்கும். அதையும் நிதானமாகப் படிக்க வேண்டும். எந்த நிறுவனம் உங்களை முன்மொழிந்து நாமினேஷன் போட்டதோ அங்கே, எந்த வேலைக்குப் போட்டதோ அந்த வேலையை மட்டும் செய்ய வேண்டும். அது நின்றுவிட்டால் குறிப்பிட்ட நாளுக்குள் வேறு ஸ்பான்சர், இல்லையென்றால் வேறு விசா, இரண்டும் அமையாவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். அந்தக் கெடு எத்தனை நாள் என்பதுதான் இந்த விசாவின் உயிர்நாடி. சம்பளத்தைவிட, பி.ஆர். என்னும் நிரந்தர வசிப்புரிமை வாய்ப்பைவிட அதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

இதற்கு முன்பிருந்த 457 விசா 1996-ல் வந்தது. அதில் 2013 வரை கெடு 28 நாள். 2013 ஜூலையில் 90 ஆக்கினார்கள். 2016 நவம்பரில் 60 ஆகக் குறைத்தார்கள். 457-ஐ ஒழிக்கப் போவதாக 2017 ஏப்ரலில் பிரதமர் மால்கம் டர்ன்புல் அறிவித்து, மறு வருடம் மார்ச்சில் 482 வந்தபோதும் அந்த 60 நாள் மட்டும் மாறவில்லை.

2024 ஜூன் வரை இருந்த அந்த 60 நாள் கேட்பதற்கு இரண்டு மாதம். நடைமுறையில் அவ்வளவு கிடைத்ததில்லை. புது முதலாளி சம்மதித்தாலும் உடனே சேர்த்துக்கொள்ள முடியாமல் இருந்தது. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்ட, அந்த வேலைக்கு அவர் குறைந்தது 28 நாள் விளம்பரம் கொடுத்திருக்க வேண்டும். சில நாட்டினருக்குத்தான் இதில் விலக்கு. அதற்குப் பிறகு நாமினேஷன் மனு. அது அங்கீகாரமான பிறகே வேலையில் சேர முடிந்தது. அவர் ஏற்கெனவே ஸ்பான்சராகப் பதிவு பெறாதவர் என்றால் அதற்கு இன்னொரு மனு. நாமினேஷன் மனுவுக்கு 330 டாலர் கட்டணம், அதற்கு மேல் பயிற்சி நிதிக்கென்று சிறிய நிறுவனம் ஆண்டுக்கு 1,200 டாலர், பெரியது 1,800 டாலர், விசாவின் எல்லா வருடங்களுக்கும் சேர்த்து முன்கூட்டியே. ஒரு சின்ன ஹோட்டல்காரர் யோசித்து முடிவெடுப்பதற்குள்ளேயே பாதிக் கெடு போய்விடும். இடையில் வேறு எங்கும் வேலை செய்யவும் கூடாது என்றிருந்ததால் வருமானம் நின்றிருக்கும். வாடகை நிற்காது. மருத்துவக் காப்பீடு நிற்காது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இந்த விசாவில் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியிலும் கட்டணம் உண்டு, அதுவும் நிற்காது.

முதலாளிக்கு இந்தக் கணக்கு தெரியும். அவர் மிரட்டக்கூட வேண்டியதில்லை. வாரச் சம்பளம் ரசீதில் உள்ளபடியே வங்கியில் விழும், மறுநாள் ஏ.டி.எம்.மில் எடுத்து ஒரு பகுதியை அவர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆவணத்தில் ஒரு பிழையும் இருக்காது. விசாவில் வந்த தோசை மாஸ்டர், பரோட்டா மாஸ்டர் தொடங்கி வெல்டர் வரை பலரும் இதற்கு வாய் திறக்காததற்குக் காரணம் அறியாமை அல்ல. 60 நாளில் முடியாது என்று அவர்கள் சரியாகவே கணக்குப் போட்டிருந்தார்கள். போதாததற்கு, இந்த விசாக்களுக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2013 முதல் 2023 வரை 53,900 டாலரிலேயே உறைந்து கிடந்தது. பத்து வருடம்! அதன் பிறகுதான் 70,000 ஆகி, 2025 ஜூலையில் 76,515-க்கு வந்தது.

2024 ஜூலை 1 முதல் கெடு 180 நாள்; விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து 365 நாள். இதில் எனக்குப் பெரிதாகப் படுவது 180 என்ற எண் அல்ல. அந்த நாட்களில் எந்த முதலாளியிடமும், எந்த வேலையும் பார்க்கலாம் என்று அனுமதித்ததுதான். சமையல்காரர் கிடங்கில் பெட்டி தூக்கியாவது வாடகை கட்டிக்கொண்டு அடுத்த ஸ்பான்சரைத் தேடலாம். பசியோடு தேடுகிறவர் எந்தச் சம்பளத்துக்கும் தலையாட்டுவார். பசி இல்லாதவர் பேரம் பேசுவார். விசாவைக் காட்டித் தொழிலாளியை நெருக்குவதும் அதே நாளிலிருந்து குற்றம். ஸ்பான்சர் செய்யப் பணம் கேட்பது 2015 டிசம்பரிலிருந்தே குற்றம். பயிற்சி நிதியில் ஒரு டாலரைக்கூடத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. ஏஜென்ட் இவற்றையெல்லாம் சொல்ல மாட்டார். அதனால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

விலக நினைப்பவர்கள் கடைசியாக வேலை பார்த்த தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலாளி குடிவரவுத் துறைக்குத் தகவல் சொல்ல அவருக்கு 28 நாள் உண்டு, ஆனால் உங்கள் கெடு வேலை நின்ற நாளிலிருந்தே ஓடும். சம்பள ரசீதுகள், ரோஸ்டர் படங்கள், திருப்பிக் கொடுத்த பணத்தின் கணக்கு எல்லாம் உங்கள் கைப்பேசியில் இருக்கட்டும். சம்பளப் புகார்களைக் கவனிக்கும் ஃபேர் வொர்க் அலுவலகத்தின் எண் 13 13 94. ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறவர்கள் 131 450-க்கு அழைத்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு பேசலாம்.

இத்தனைக்குப் பிறகும் பலர் நகரவில்லை என்றால் காரணம் பி.ஆர். இரண்டு வருடம் வேலை பார்த்தால் பி.ஆர். தரும் 186 விசாவுக்குத் தகுதி உண்டு. 2024 டிசம்பர் வரை முதலாளியை மாற்றினால் அந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. இப்போது அங்கீகாரம் பெற்ற ஸ்பான்சர் யாரிடம் பார்த்திருந்தாலும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள், நல்லது. ஆனால் கடைசி நாமினேஷனில் கையெழுத்துப் போட வேண்டியவர் இன்றும் முதலாளிதான். வயது வரம்பு பொதுவாக 45. நாற்பத்து மூன்று வயதில் ஒருவர் 'அடுத்த வருடம் போடுகிறேன்' என்ற வாக்கை நம்பிக் காத்திருக்கும்போது, 180 நாள் உரிமையால் அவருக்கு என்ன பலன்? இரண்டு வருடம் வரி கட்டி, ஒழுங்காக வேலை பார்த்தவர் தன் பெயரில் தானே விண்ணப்பிக்க வழி வேண்டும். அந்தக் கையெழுத்து ஒருவர் தயவில் இருக்கும்வரை, ஏ.டி.எம்.மிலிருந்து எடுத்த பணம் முதலாளி கைக்குப் போவது நிற்காது.