உடலின் ஆண்டுக் கணக்கு

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் மொழி. செல்வம் என்றால் அதற்குக் கணக்கும் உண்டு. ஆண்டுக்கொரு முறை கையிருப்பையும் வணிகச் சரக்கையும் எண்ணிப் பார்த்து, நூற்றுக்கு இரண்டரை வீதம் ஜகாத் வழங்கும் குடும்பத் தலைவர்கள் நம்மிடையே பலர். அச்செல்வத்தை ஈட்டிய உடலின் கணக்கை மட்டும் நாம் பார்ப்பதில்லை. “எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்” என்பதே நாற்பதைக் கடந்த ஆடவர் பலரின் விடை.

இவ்விடை பொய்யன்று, ஆயினும் போதுமானதன்று. எல்லா நோய்களும் வலியால் தம்மை அறிவித்துக்கொண்டு வருவதில்லை. உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி உடலில் தங்கி, இதயம், மூளை, சிறுநீரகம், கண் ஆகியவற்றின் இரத்தக் குழாய்களைச் சிதைக்க வல்லவை. மாரடைப்போ பக்கவாதமோ வந்த பின்னரே இவை இருந்தமை தெரியவரும் குடும்பங்கள் உண்டு.

அங்ஙனமாயின் எவற்றைப் பார்த்தல் வேண்டும்? இரத்த அழுத்தம் 120/80 என்னும் அளவை ஒட்டியிருத்தல் நன்று. மருத்துவரிடம் மீண்டும் மீண்டும் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பின் அது நோய். வெறும் வயிற்றில் எடுக்கும் இரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராமை எட்டினால், மறுசோதனையால் உறுதிசெய்து நீரிழிவு எனக் கொள்வர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் 6.5 விழுக்காடு அதன் எல்லை. இவற்றோடு கொழுப்பின் அளவு, சிறுநீரகச் செயற்பாடு, இடுப்புச் சுற்றளவு ஆகியனவும் பார்க்கத்தக்கன. நம் நாட்டு ஆடவர்க்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரைக் கடத்தல் எச்சரிக்கை. புகையிலை, பாக்கு மெல்லுவோர் வாயையும் காட்டுதல் வேண்டும். இரண்டு வாரங்களில் ஆறாத புண்ணை எவரும் புறக்கணித்தலாகாது.

வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர், “விசாவுக்கே மெடிக்கல் பார்த்தாயிற்று” என அமைதி கொள்வதுண்டு. அச்சோதனை காசம் முதலிய தொற்றுநோய்களையே முதன்மையாக நாடுவது. ஆண்டுதோறும் செய்யும் நலச் சோதனைக்கு அஃது ஈடாகாது. அதேபோல், விளம்பரத்தில் காணும் சோதனைகள் அனைத்தையும் செய்துகொள்ள வேண்டுவதுமில்லை. சான்றாக, புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ சோதனையை அதன் நன்மை, தீமைகளை மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே முடிவு செய்தல் தகும். குடும்பத்தில் எவர்க்கு என்ன நோய் இருந்தது என்பதையும் அவரிடம் கூறுதல் வேண்டும்.

நீரிழிவுடையோர் ரமலானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, நோன்பு நோற்க இயலுமா, மருந்தின் அளவையும் வேளையையும் எங்ஙனம் மாற்றுவது எனத் தெளிதல் நலம். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர் பலரின் கருத்து. நோயாளிக்கு மார்க்கம் அளித்த சலுகையை ஏற்பது குறையன்று.

செலவு என்னும் தடையும் பெரிதன்று. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டணமின்றிப் பார்க்கப்படுகின்றன. உண்மைத் தடை அச்சமே. “பார்த்தால் ஏதேனும் சொல்லிவிடுவார்களே” என அஞ்சுகிறோம். சொல்லாவிட்டாலும் நோய் நோயே. முன்னரே அறிந்தால் உணவாலும் நடையாலும் சில மாத்திரைகளாலும் அதனை அடக்கலாம்.

உடல் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதனை நம்பி மனைவி மக்கள் வாழ்கின்றனர். எனவே மாணவச் செல்வங்கள் இவ்விடுமுறையில் தம் தந்தையரை ஒருமுறை சோதனைக்கு அழைத்துச் செல்வாராக. ஜமாஅத் பெரியோர்கள் பள்ளிவாசல் வளாகத்தில் ஆண்டுக்கொரு முகாம் நடத்த முன்வருவாராக. வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் நலமும் நீண்ட ஆயுளும் அருள்வானாக! ஆமீன்.