பெட்டியில் பச்சை விளக்கு, போனில் மணி இல்லை

பிரிட்டனில் செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு 2027 ஜனவரி 31 கடைசி நாள். முதலில் 2025 டிசம்பர் என்றார்கள். அவசர பட்டன் அணிந்து தனியாக வாழும் முதியவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல், 2024 மே மாதம் பி.டி. நிறுவனம் கெடுவைத் தள்ளிவைத்தது. "பழைய போனை ரவுட்டரின் பின்னால் செருகுங்கள், வேறெதுவும் மாறாது" என்பதுதான் அன்றும் இன்றும் விளம்பர வாசகம். அந்த நிறுவனத்தின் ரவுட்டரையே வைத்திருப்பவர்களுக்கு இது ஓரளவு உண்மை. கட்டணம் குறையும் என்று வேறு இன்டர்நெட் போன் நிறுவனத்துக்கு நம்பரை மாற்றி, பழைய போனை இணைக்க ஒரு கேட்வே பெட்டியும் வாங்கியவர்களுக்கு இது பொருந்தாது. செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து மலைத்து நிற்பவர்கள் அவர்கள்தான்.

அவர்களிடமிருந்து எனக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே புகார். கடையிலிருந்து வெளியே பேச முடிகிறது; வாடிக்கையாளர் கூப்பிட்டால் மணி அடிப்பதில்லை. சில நேரம் அடிக்கிறது. ஹெல்ப்லைனைக் கேட்டால், "எங்கள் பக்கம் ரிஜிஸ்டர்டு என்றுதான் காட்டுகிறது" என்கிறார்கள். பெட்டியிலும் பச்சை விளக்கு எரிகிறது.

பழைய முறையில் உங்கள் கம்பி எங்கே முடிகிறது என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும். இப்போது அந்தக் கம்பி இல்லை. கேட்வேதான் நிறுவனத்தின் சர்வரைத் தேடிப்போய், இந்த நம்பருக்கு அழைப்பு வந்தால் என்னை இந்த முகவரியில் கூப்பிடு என்று பதிந்துகொள்ள வேண்டும். சர்வர் முதல் தடவை 401 என்று மறுத்துவிடும். மறுப்போடு ஒரு எழுத்துக் கோவையையும் அனுப்பும். கேட்வே அதைப் பாஸ்வேர்டோடு சேர்த்துக் கணக்குப் போட்டு, வரும் விடையை மட்டும் திருப்பி அனுப்பும். பாஸ்வேர்ட் வெளியே போவதே இல்லை. ஆகவே லாக்கில் ஒரு 401 பார்த்தவுடன் பாஸ்வேர்டை மாற்றாதீர்கள். தொடர்ந்து 401 மட்டுமே வந்தால்தான் கவலை.

பதிவு பெரும்பாலும் 3600 விநாடிக்கு, அதாவது ஒரு மணி நேரத்துக்குச் செல்லும். சிக்கல் நடுவில் இருக்கும் ரவுட்டரில். கேட்வே வெளியே ஒரு பாக்கெட் அனுப்பும்போது, அதற்கான பதில் திரும்பிவர ரவுட்டர் ஒரு வழியைத் திறந்துவைக்கிறது. கொஞ்ச நேரம் போக்குவரத்து இல்லையென்றால் மூடிவிடுகிறது. இரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் திறந்துவைக்க வேண்டும் என்று 2007-இல் வெளியான இணையத் தரவிதி சொல்கிறது. வீட்டு ரவுட்டர்கள் பல அதற்கு முன்பே மூடிவிடுகின்றன. அந்த ஒரு மணி நேரத்தின் மீதி முழுவதும் சர்வரின் ஏட்டில் உங்கள் பெயர் இருக்கிறது, வீட்டுக்கு வழிதான் இல்லை. உள்ளே வரும் அழைப்பை யாரும் கேட்காத பாக்கெட் என்று ரவுட்டர் தள்ளிவிடுகிறது. கேட்வேக்கு இது தெரியாது. ஆக, ரிஜிஸ்டர்டு என்ற சொல்லுக்கு "கடைசியாகக் கேட்டபோது சர்வர் சரி என்றது" என்பதற்கு மேல் பொருள் கிடையாது.

சோதிக்க ஒரு வழி உண்டு. அந்தப் போனிலிருந்து யாரையாவது கூப்பிட்டுப் பேசிவிட்டு, உடனே மொபைலிலிருந்து அதற்கு டயல் செய்யுங்கள், மணி அடிக்கும். கால் மணி நேரம் சும்மா விட்டு மறுபடி டயல் செய்யுங்கள். அடிக்கவில்லையென்றால் நோய் இதுதான்.

மருந்து கீப்-அலைவ். இருபது, முப்பது விநாடிக்கு ஒருமுறை கேட்வே சின்னதாக ஒரு பாக்கெட் அனுப்பினால் வழி மூடாது. பல பெட்டிகளில் இது 'நாட் டிராவர்சல்' என்ற தலைப்புக்குள் ஒளிந்திருக்கும். பதிவு நேரத்தையே குறைத்துவிடலாம் என்று சிலர் போவார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது: கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி801 போன்ற பெட்டி நிமிடத்தில் கேட்கும், வேறு சில விநாடியில் கேட்கும். 60 என்று போட்டால் ஒன்றில் ஒரு மணி நேரம், மற்றொன்றில் ஒரு நிமிடம். மிகக் குறைவாகக் கேட்டால் சர்வரே 423 சொல்லித் திருப்பிவிடும்.

இன்னொரு அறிவுரையும் உலவுகிறது: ரவுட்டரில் 5060 போர்ட்டை நிரந்தரமாகத் திறந்துவிடுங்கள் என்று. மணி அடிக்கும்தான், நடுராத்திரியிலும் அடிக்கும். எடுத்தால் மறுமுனையில் யாரும் இருக்க மாட்டார்கள், திரையில் 100, 1000 என்று ஏதாவது எண் இருக்கும். திறந்த போர்ட்டைத் தேடி உலகமெங்கும் ஓயாமல் தட்டிப் பார்க்கும் மென்பொருள்களின் வேலை அது. ரவுட்டர் வழியை மூடுவது நம் நன்மைக்குத்தான். அதை முறித்துப்போடுவது தீர்வாகாது. 'சர்வரிடமிருந்து வரும் அழைப்பை மட்டும் ஏற்றுக்கொள்' என்ற தேர்வு உங்கள் பெட்டியில் இருந்தால் இன்றே டிக் செய்யுங்கள்.

மற்ற கேள்விகள்:

ரவுட்டரில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்று இருக்கிறதே? உதவி என்ற பெயரில் முகவரிகளைத் திருத்திக் குழப்பும், அணைத்துவிடுங்கள்.

வங்கிக்குப் போன் செய்து 1 அழுத்தினால் ஏற்கவில்லை? டி.டி.எம்.எஃப். அமைப்பை ஆர்.எஃப்.சி. 2833-க்கு மாற்றுங்கள்.

ஃபேக்ஸ்? மறந்துவிடுங்கள்.

மின்சாரம் போனால் அவசர உதவி எண் 999? பெட்டியும் ரவுட்டரும் அணைந்துவிடும். லேண்ட்லைனையே நம்பியிருப்பவர்களுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் தாங்கும் மாற்று ஏற்பாட்டை நிறுவனம் தர வேண்டும் என்கிறது தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம். அதற்கு மேல் உங்கள் பாடு.

அம்மாவின் அவசர பட்டனையும் இதே பெட்டியில் செருகலாமா? நீங்களாகச் செய்யாதீர்கள், பட்டன் கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டு, அவர்கள் சோதித்துப் பார்த்த பிறகு செய்யுங்கள்.

பழைய லைனை எப்போது ரத்து செய்வது? நீங்கள் ரத்தே செய்ய வேண்டாம். நம்பரை மாற்றித் தரும்படி புதிய நிறுவனத்திடம் கேளுங்கள். முந்திக்கொண்டு ரத்து செய்தால் நம்பர் போய்விடும்.