ஸ்டீம்போட் கேட்ட லீவு

1987 மார்ச் 29. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பான்டியாக் சில்வர்டோம் அரங்கம். டபிள்யூ.டபிள்யூ.எஃப். கம்பெனியின் வருடாந்தர நிகழ்ச்சியான ரெஸ்ட்ல்மேனியா. இந்த நாளைச் சொன்னதும் பெரும்பாலான ரசிகர்களுக்கு ஹல்க் ஹோகன், ராட்சச உருவமான ஆந்த்ரேயைத் தூக்கிப் போட்டதுதான் நினைவுக்கு வரும். ரெஸ்ட்லிங்கையே பிழைப்பாகக் கொண்டவர்களைக் கேட்டுப்பாருங்கள். அதே ரிங்கில் அதற்கு முன்பு நடந்த ரிக்கி ஸ்டீம்போட் - ராண்டி சாவேஜ் ஆட்டத்தைத்தான் சொல்வார்கள். கால் மணி நேரம்கூட ஓடாத ஆட்டம் அது.

அந்தக் காலத்தில் பொதுவாக ரெஸ்ட்லர்கள் முடிவை மட்டும் முன்னதாகப் பேசிவைத்துக்கொள்வார்கள். நடுவில் வருவதையெல்லாம் ரிங்குக்குள்ளேயே ஒருவர் காதில் ஒருவர் முணுமுணுத்து ஓட்டிவிடுவார்கள். சாவேஜ் அப்படிப்பட்ட ஆள் இல்லை. முதல் பிடியிலிருந்து கடைசி எண்ணிக்கை வரை ஒவ்வொரு அசைவையும் எழுதிவைத்தார். இருவரும் அதை மனப்பாடம் செய்து, ஒருவரையொருவர் கேள்வி கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்கள். கதைப்படி, சில மாதங்களுக்கு முன்னால் சாவேஜ் ரிங் மணியால் ஸ்டீம்போட்டின் குரல்வளையை நசுக்கியிருந்தார். அன்றும் அந்த மணியோடு சாவேஜ் கயிற்றின் மேல் ஏறினார். ஸ்டீம்போட் பக்கம் நின்ற ஜார்ஜ் ஸ்டீல் அவரைத் தள்ளிவிட்டார். அடுத்த சில நொடிகளில் ஸ்டீம்போட் அவரைச் சுருட்டி மடக்கிப் பிடிக்க, ரெஃப்ரி மூன்று எண்ணிவிட்டார். இன்டர்கான்டினென்டல் பெல்ட் கைமாறியது.

முடிவு முன்கூட்டியே தெரிந்த ஆட்டத்தில் பெல்ட்டுக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். மதிப்பு நிறையவே உண்டு. பெல்ட் இருந்தால் போஸ்டரில் பெயர் மேலே ஏறும். அன்றைய வசூலில் பங்கும் கூடும். ‘இவனை நம்பி டிக்கெட் விற்கலாம்’ என்று முதலாளி கொடுக்கும் சான்றிதழ் அது. கொடுத்த கையே எப்போது வேண்டுமானாலும் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

ஸ்டீம்போட்டிடமிருந்து சீக்கிரமே வாங்கிக்கொண்டது. அவர் மனைவிக்குப் பிரசவ நேரம். குழந்தை பிறக்கும்போது உடனிருக்க லீவு வேண்டும் என்று கேட்டார். அவர் கேட்டது அவ்வளவுதான். ஜூன் தொடக்கத்தில் ஹாங்கி டாங்க் மேன் என்பவரிடம் அவரைத் தோற்கவைத்தார்கள். கிடாரைத் தூக்கிக்கொண்டு எல்விஸ் பிரெஸ்லி வேஷத்தில் வருகிறவர் அவர். அந்தப் பெல்ட்டை 454 நாள் வைத்திருந்தார். அந்தச் சாதனையை முறியடிக்க 2023 வரை யாராலும் முடியவில்லை. வேஷத்துக்கு அவர் பொருத்தமானவர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டம் என்று வந்தால் ஸ்டீம்போட் பக்கத்தில் நிற்கக்கூடியவர் அல்லர்.

அடுத்த ஆண்டு ரெஸ்ட்ல்மேனியாவில் ஸ்டீம்போட் கைக்குழந்தையோடு ரிங்குக்கு வந்தார். மகனுக்கு முத்தம் கொடுத்து அனுப்பிவிட்டு, அங்கே நடந்த பட்டப் போட்டியின் முதல் சுற்றிலேயே கிரெக் வேலன்டைனிடம் தோற்றார். விரைவில் கம்பெனியை விட்டும் போனார். 1989 பிப்ரவரியில் சிகாகோவில் ரிக் ஃபிளேரை வென்று என்.டபிள்யூ.ஏ. என்ற வேறு அமைப்பின் உலகச் சாம்பியன் ஆனார். அவர்கள் இருவரும் அந்த ஆண்டு ஆடிய மூன்று பெரிய ஆட்டங்களை இன்று பார்த்தாலும் மூச்சு வாங்கும். அந்தப் பட்டமும் மூன்று மாதம் நிலைக்கவில்லை. 1994இல் முதுகில் பட்ட அடியோடு ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. வாழ்நாள் முழுக்க வில்லனாக மாறவே மாறாத ஒரு மனிதர், டபிள்யூ.டபிள்யூ.எஃப். உலகச் சாம்பியன் பட்டியலில் இல்லவே இல்லை. அந்தக் கைக்குழந்தை வளர்ந்து, ரிச்சி ஸ்டீம்போட் என்ற பெயரில் ரெஸ்ட்லர் ஆனான். அவன் ஆட்டத்தை முடித்துவைத்ததும் முதுகுதான்.

நம் ஊரில் கேபிள் டிவி வந்த காலத்துப் பையன்கள் ட்ரம்ப் கார்டு பார்த்தே ஒவ்வொரு ரெஸ்ட்லரின் உயரம், எடை, மார்பளவையும் ஒப்பிப்பார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். இந்த உலகத்தை இத்தனை காலம் கவனித்த பிறகு, அந்த அட்டைகளில் இல்லாத விவரங்கள்தான் இந்த மனிதர்களின் வாழ்க்கையைத் தீர்மானித்தன என்று சொல்வேன்.

1996 மே மாதம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்ததைப் பாருங்கள். போட்டிக் கம்பெனிக்குப் போகிற கெவின் நாஷையும் ஸ்காட் ஹாலையும் வழியனுப்ப, ஷான் மைக்கேல்ஸும் டிரிபிள் எச்சும் ரிங்கிலேயே கட்டிப்பிடித்தார்கள். கதையில் எதிரிகளாக இருப்பவர்கள் பொதுமக்கள் முன்னால் நண்பர்களாக நின்றது பெரிய குற்றமாகிவிட்டது. போகிறவர்கள் போய்விட்டார்கள், மைக்கேல்ஸ் அப்போது சாம்பியன், அவரைத் தொட முடியாது. தண்டனை முழுக்க டிரிபிள் எச் தலையில் விழுந்தது. அடுத்த மாதம் ‘கிங் ஆஃப் தி ரிங்’ போட்டியில் அவருக்கென்று வைத்திருந்த வெற்றி ஸ்டீவ் ஆஸ்டினுக்குப் போனது. அதற்கு முந்தின ஆண்டுதான் அதே போட்டிக் கம்பெனி, காயத்தோடு வீட்டில் இருந்த ஆஸ்டினை வேலையை விட்டே தூக்கியிருந்தது. ‘கிங் ஆஃப் தி ரிங்’ வென்ற அந்த ஒரு இரவில் அவர் பேசிய பேச்சு அவரை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. டிரிபிள் எச்சும் பின்னால் மேலே வந்துவிட்டார். எல்லாருக்கும் அப்படி இரண்டாவது வாய்ப்பு வருவதில்லை. ஃபிளேருக்கு அடுத்த உலகச் சாம்பியன் என்று பேசப்பட்ட மேக்னம் டி.ஏ., 1986 அக்டோபரில் தன் போர்ஷே காரோடு விபத்தில் சிக்கியபோது அவருக்கு வயது 27. மறுபடி ஆடவே இல்லை.

விபத்தை யாரும் தடுக்க முடியாது. ஆனால் லீவு கேட்டவனுக்காகப் பேச ஓர் ஆள் இருந்திருக்கலாம். அப்படிப் பேச முயன்றவர் ஜெஸ்ஸி வென்ச்சுரா. சில்வர்டோமில் அந்த ஆட்டத்தை மைக்கில் வர்ணித்தவர்களில் அவரும் ஒருவர். அதற்கு முந்தின ஆண்டு, இரண்டாம் ரெஸ்ட்ல்மேனியா நெருங்கிய நேரத்தில், உடைமாற்றும் அறையில் மற்றவர்களைக் கூட்டி ‘நமக்கு ஒரு சங்கம் வேண்டும்’ என்றார். செய்தி முதலாளி வின்ஸ் மக்மேன் காதுக்கு உடனே போனது. முயற்சி அங்கேயே முடிந்தது. போட்டுக்கொடுத்தது யார் என்று வென்ச்சுராவுக்குப் பல ஆண்டு தெரியாது. பின்னால் தான் தொடுத்த ராயல்டி வழக்கில் மக்மேன் கொடுத்த வாக்குமூலத்தில்தான் ஹோகனின் பெயர் வந்தது என்று வென்ச்சுரா சொல்லிவருகிறார்.

என் கணக்கில் இந்தத் தொழில் தவறவிட்ட வாய்ப்புகளில் பெரியது அதுதான். வென்ச்சுரா ‘பிரிடேட்டர்’ படத்தில் நடித்து, நடிகர் சங்கத்தில் சேர்ந்து, 1999இல் மின்னசோட்டா மாநில கவர்னராகவே ஆகிவிட்டார். அதே 1999இல் மக்மேனின் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. அதன் ரிங்கில் விழுந்து எழுகிறவர்கள் காகிதத்தில் இன்றும் தனித்தனி ஒப்பந்ததாரர்கள்தான். அவர்களுக்குச் சங்கம் இல்லை.